சைக்கிள் தடப் பணி: மக்கள் பங்கு 3 லட்சத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ரயில் நிலையத்தில் தொடங்கி உழவர் சந்தை வழியாக அரசு மேல்நிலைப் பள்ளி வரை போகும் 1.2 கிலோமீட்டர் சாலையை, சைக்கிளில் போகிறவர்கள் பயமில்லாமல் போகும்படி சீர்படுத்த 9 லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு தயாராகியிருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். நம் பங்கு 3 லட்சம். அதைக் கட்டினால்தான் கோப்பு நகரும்.

1997-ல் தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயரோடு திரும்பி வந்த திட்டம் இது. பூங்காவுக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும்தான் என்று பலரும் நினைப்பதால் சைக்கிளுக்காக யாரும் விண்ணப்பிப்பதில்லை. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போக்குவரத்து நிதியில் 60 விழுக்காடு என்று கொள்கை வகுத்தது. கொள்கை எவ்வளவு நல்லதானாலும், எந்தத் தெருவில் எந்தப் பள்ளம் என்று சொல்ல அந்தத் தெருக்காரர்கள்தான் வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சைக்கிளை அரசே விலையில்லாமல் கொடுக்கிறது. ஓட்டுவதற்கான சாலையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பணம் எதற்கெல்லாம் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். முதலில் வடிகால் மூடிகள். இந்தச் சாலையில் 22 மூடிகளின் கம்பிகள் வண்டி போகும் திசையிலேயே நீளவாட்டில் இருக்கின்றன. சாதாரண சைக்கிள் டயரின் அகலம் சுமார் 38 மில்லிமீட்டர், பந்தய சைக்கிளுக்கு இன்னும் குறைவு. இடைவெளி அதைவிட அகலமாக இருந்தால் முன்சக்கரம் உள்ளே இறங்கி, ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலே போய் விழுவார். குறுக்குவாட்டில் கம்பி, 25 மில்லிமீட்டருக்குள் இடைவெளி, பழைய இரும்புக் கடைக்குப் போய்விடாதபடி கீல் வைத்த மூடி: ஒன்று 6,000 ரூபாய், ஆக 1,32,000. மேல் மேலாகத் தார் போட்டதில் குழிக்குள் போய்விட்ட பாதாளச் சாக்கடை மூடிகள் 14. அவற்றைச் சாலை மட்டத்துக்கு உயர்த்த 70,000.

நிறுத்துமிடங்களுக்கு 1,80,000. முன்சக்கரத்தை மட்டும் கவ்விப் பிடிக்கும் ஸ்டாண்ட் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பக்கத்து வண்டி சாய்ந்தால் ரிம் கோணிவிடும். பின்சக்கரப் பூட்டு மட்டும் போட்ட சைக்கிளை அப்படியே தூக்கிக்கொண்டும் போகலாம். கவிழ்த்த ப வடிவத்தில் 50 மில்லிமீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், தரைக்கு மேல் 75 சென்டிமீட்டர், கீழே கான்கிரீட்டில் 30, ஒன்றுக்கொன்று 1 மீட்டர் தள்ளி நட்டால், சைக்கிளின் பிரேமையே சங்கிலியால் கட்டலாம். ஒன்றில் இரண்டு வண்டி நிற்கும். 40 ஸ்டாண்டுகளும் ரயில் நிலையம், உழவர் சந்தை, ரேஷன் கடை, பள்ளி வாசல் ஆகிய நான்கு இடங்களிலும் நடைபாதை மேல்தான் வரும். சாலை மட்டத்தில் நட்டால் மறுநாளே பைக் ஏறிவிடும்.

தனித்தடம் ஏன் இல்லை என்று கேட்கிறார்கள். பக்கத்துக்கு 2 மீட்டராவது இல்லாத தனித்தடம் வீண். இந்தச் சாலையே 9 மீட்டர்தான். ஆகவே இருபுறமும் 10 சென்டிமீட்டர் அகலத்தில், உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் பூச்சில் கோடு, மொத்தம் 240 சதுர மீட்டர், 1,68,000 ரூபாய். வெறும் கோடு மட்டும் போட்டால் ஒரே வாரத்தில் அது ஆட்டோ ஸ்டாண்டாகிவிடும். அதனால் கடைகள் நெருங்கிய இடங்களில் வண்டி இடித்தால் வளைந்து நிமிரும் ஸ்பிரிங் போஸ்ட் 60, 84,000. தடம் முழுக்கப் பச்சை வண்ணம் அடிக்கும் யோசனையை விட்டுவிட்டோம்: செலவு அதிகம், மழையில் வழுக்கும், படத்துக்கு மட்டும் அழகு.

பள்ளி வாசலிலும் சந்தை முனையிலும் உயர்த்திய கடவைகள் (சாலையைக் கடக்க மேடாக்கிய இடங்கள்) இரண்டு, 2,50,000. தெருவில் கண்டபடி கொட்டிவைக்கும் கூர் மேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) விதிப்படி வேகத்தடையே 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக மெல்ல ஏறி இறங்க வேண்டும். கடவையின் இரு ஓரத்திலும் மழைநீர் போக வழி விட்டு அதன்மேல் குறுக்குக் கம்பி மூடி போடச் சொல்லியிருக்கிறோம். அதை மறந்தால் ஐப்பசியில் சைக்கிள் போகும் ஓரத்தில்தான் தண்ணீர் தேங்கும். மீதி 16,000 அறிவிப்புப் பலகைகளுக்கு.

கடவை எங்கே என்பதை முடிவு செய்தது, சாலையில் போகும் சைக்கிள்களை எண்ணிய கணக்கெடுப்பு. காலை 8 மணிக்கு மட்டும் எண்ணினால் பள்ளிப் பிள்ளைகள்தான் கணக்கில் வருவார்கள். விடியற்காலை பால், பேப்பர் போடுகிறவர்களும், 7 மணிக்குள் தூக்குச்சட்டியோடு கட்டட வேலைக்குப் போகிறவர்களும், இரவில் கடை சாத்தித் திரும்புகிறவர்களும் விட்டுப்போவார்கள். கால்மணிக்கு ஒரு கட்டமாக, செவ்வாய் முதல் வியாழன் வரை, முகூர்த்த நாள் தவிர்த்து எண்ண வேண்டும். எதிர்த்திசையில் ஓட்டுகிறவர்களைத் தனியாகக் குறிக்க வேண்டும்: அவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே சாலையைக் கடக்க வழியில்லை என்று பொருள். வேலை முடிந்த பிறகு மறுபடி எண்ணுவோம். பணம் தர முடியாதவர்கள் அதற்கு இரண்டு மணி நேரம் தாருங்கள்.

சாலையை அடுத்த ஆண்டே மறுபடி போட்டால் கோடும் போகும், உயர்த்திய மூடிகளும் திரும்பக் குழியாகும். பழைய தாரைச் சுரண்டிவிட்டே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். இந்தச் சாலையை மறுபடி எந்த ஆண்டு போடுவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு விண்ணப்பத்தோடு இணைக்கிறோம்.

ஆனி மாதக் கடைசிக்குள் தொகை சேர வேண்டும். ஈரச் சாலையில் தெர்மோபிளாஸ்டிக் ஒட்டாது, உரிந்து வரும். டெண்டருக்கும் நாள் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடியாவிட்டால் வேலை தைக்குத் தள்ளிப்போகும்.

நீங்கள் தரும் 1,500 ரூபாய் ஒரு ஸ்டாண்டில் மக்கள் பங்கு. அரசு 3,000 சேர்க்கும். 2,000 ஒரு வடிகால் மூடிக்கு. 3 லட்சத்துக்கு மேல் வரும் முதல் 60,000 இரண்டாம் ஆண்டில் சந்திப்புகளில் மட்டும் கோட்டைப் புதுப்பிக்க. திட்டத்தில் அதற்கு இடமில்லை. ஸ்டாண்டில் உபயப் பலகை கேட்காதீர்கள், சங்கிலி நுழையும் இடம் அதுதான். பெயர்ப் பட்டியல் ரேஷன் கடைப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் இருக்கும்.

காசோலையாகவோ வங்கி வழியாகவோ குழுவின் கூட்டுக் கணக்கில் செலுத்தி, எண்ணிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். குழுவில் இருவர் கையெழுத்தில்லாமல் பணம் எடுக்க முடியாது. சேர்ந்த தொகை மாநகராட்சி பெயரில் வரைவோலையாகப் போகும். வருமான வரி விலக்குக் கிடையாது. அனுமதி கிடைக்காவிட்டால் ரசீதைக் காட்டி முழுத் தொகையையும் திரும்பப் பெறலாம். வரவு செலவு ஒவ்வொரு பகுதி சபைக் கூட்டத்திலும் வாசிக்கப்படும்.

இங்ஙனம்,
சைக்கிள் தடப் பணிக் குழு