எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீயும் குட்டியும் வருகிறீர்கள் என்று சொன்னதிலிருந்து அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "டொல்கெத்லை ஸ்டேஷனுக்கே டிக்கெட் எடுத்துவிடட்டுமா அப்பா?" என்று கேட்டாய். வேல்ஸில் இருக்கும் எங்கள் இந்த ஊரில் ஸ்டேஷன் கிடையாது, பஸ்ஸில்தான் வரவேண்டும் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

1868-ல் கிழக்கே பாலா என்ற ஊரிலிருந்து ஒரு கம்பெனியின் தண்டவாளம் இந்த ஊருக்கு வந்தது. அடுத்த வருஷம் மேற்கே கடற்கரையிலிருந்து இன்னொரு கம்பெனி வந்து சேர்ந்தது. கம்பளித் துணி நெய்து பிழைத்த மலையூர், அப்புறம் காடர் இட்ரிஸ் மலை ஏற வருகிறவர்களும், பார்மத் கடற்கரைக்குப் போகிற கோடைக் கூட்டமும் கடந்து போகிற ஊராக ஆனது.

ஊர்ப் பெயரில் வரும் 'த்ல' ஒலிக்கு, 'ல' சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு காற்றை மட்டும் ஊதவேண்டும். நம் ழகரம் போல வெளியாருக்குப் பிடிபடாத ஒலி. ஸ்டேஷன் பலகையில் 'டொல்கெல்லி' என்று ஆங்கில வாய்க்கு ஏற்றபடிதான் முதலில் எழுதியிருந்தார்கள். சரியான வெல்ஷ் எழுத்தில் பெயர் வந்தது 1960-ல். அந்தப் பலகைக்கு ஐந்து வருஷம்கூட ஆயுள் இல்லை.

1963-ல் ரயில்வே தலைவராக இருந்த பீச்சிங் என்பவர் கொடுத்த அறிக்கை பிரிட்டன் முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. ரூவாபனிலிருந்து பார்மத் வரை போகும் இந்தப் பாதையும் பட்டியலில் இருந்தது. 1964 டிசம்பரில் பெரிய வெள்ளம் வந்து தடத்தைப் பல இடங்களில் அரித்தது. எப்படியும் மூடப்போகிற பாதைதானே என்று, அதை முழுதாகச் சீர்செய்து பழையபடி ரயில் விடவே இல்லை. 1965 ஜனவரியில் எல்லாம் முடிந்தது.

மூடியதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. ஓட்டினால் நஷ்டம் என்றார்கள், சரி. ஆனால் 1970-களின் கடைசியில் ஸ்டேஷன் இருந்த இடத்தின் மேலேயே புறவழிச்சாலை போட்டுவிட்டார்களே! கடையை மூடலாம், மனையையும் சேர்த்துத் தொலைக்கலாமா? நேற்று சாயங்காலம் அந்தப் பக்கம் போய் நின்றேன். பிளாட்பாரம் இருந்த இடத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இனி ஒரு அரசாங்கம் மனசு வைத்தாலும் ரயில் வந்து நிற்க இடமில்லை. வேல்ஸின் தெற்கிலிருந்து வடக்கே ரயிலில் போக, இன்றைக்கும் இங்கிலாந்துக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். இது அநியாயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மேற்கே பழைய தடம் மட்டும் தப்பித்தது. மவ்தக் ஆற்றுமுகத்தை ஒட்டிப் பதினைந்து கிலோமீட்டர் நடைபாதையாக இருக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி உனக்குத் தெரியும். அவளே பென்மைன்பூல் வரை நடந்துவிட்டாள். ஏற்றமே தெரியவில்லை, ரயிலுக்காகச் சமன்செய்த மண் அல்லவா. அங்கே மரத்தாலான பழைய சிக்னல் அறை அப்படியே நிற்கிறது. ரயில் போன பிறகு பறவை பார்க்கிறவர்கள் அதை எடுத்துக்கொண்டார்களாம். ஜன்னலில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தேன். லீவர் இழுத்தவர் எங்கே உட்கார்ந்திருப்பார், அந்தக் கடைசி ராத்திரி விளக்கை எப்படி அணைத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே நின்றதில், அம்மா வெகுதூரம் போய்விட்டாள். பழைய தடம் கடற்கரை ரயில் பாதையோடு சேரும் மோர்வா மவ்தக் ஒரு காலத்தில் பெரிய ஜங்ஷன். இப்போது ஒற்றைப் பிளாட்பாரம்தான், ஆனால் கடற்கரை ரயில் நிற்கிறது. குட்டியை அங்கே கூட்டிப்போக வேண்டும்.

சரி, வரும் வழியைக் கேள். ரெக்ஸம் வரை ரயில், அங்கிருந்து டி3 பஸ். பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரமாக உட்கார். பாலா ஊர் தாண்டியதும் நீளமான ஏரி வரும். நம் பாதை போனது அக்கரையில். 1972-லிருந்து அதே தடத்தில் குறுகலான தண்டவாளம் போட்டு, சின்ன ரயில் ஒன்றை ஓட்டுகிறார்கள். கொடுத்து வைத்திருந்தால் தண்ணீருக்கு அப்பால் புகை தெரியும், குட்டிக்குக் காட்டு. அப்புறம் நம் ஊர் எல்டன் சதுக்கத்தில் இறங்கு, நான் குடையோடு நிற்பேன்.

அன்புடன்,
அப்பா