பில்லி பாப் தார்ன்டனைப் பற்றி, செந்திலுக்கு

அன்புள்ள செந்தில்,

நேரத்துக்குச் சாப்பிடு என்று ஃபோனில் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுத்தில் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். இன்னொரு விஷயமும் இருக்கிறது. "நான் நடிக்க வந்தவன்மா, எழுதுறதுக்கு வேற ஆள் இருக்காங்க" என்றாய் போன வாரம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு பில்லி பாப் தார்ன்டன் ஞாபகம்தான். 'ஃபார்கோ' தொடரின் முதல் சீசனில் மால்வோ என்கிற கொலைகாரனாக வந்தாரே, அந்த ஹாலிவுட் நடிகர்.

1955-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அம்மா குறி சொல்பவர். சின்ன வயதுச் சிநேகிதன் டாம் எப்பர்சனோடு 1981-இல் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார். கையில் காசில்லை. உருளைக்கிழங்கை மட்டுமே தின்று நாளை ஓட்டி, கடைசியில் இதயத்தில் கோளாறு வந்து 1984-இல் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். இதைப் படித்த பிறகு உன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் எப்படி இருப்பேன், சொல்.

அந்தக் காலத்தில் விருந்துகளில் பரிமாறும் வேலையும் பார்த்தார். அப்படி ஒரு விருந்தில் பில்லி வைல்டர் அவரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அவ்வளவு பெரிய இயக்குநர்! நடிக்க வந்தவர்கள் இந்த ஊரில் ஏராளம், நீ எழுதிப் பாரேன் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னாராம். தார்ன்டனே பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் தார்ன்டனும் எப்பர்சனும் சேர்ந்து எழுதிய 'ஒன் ஃபால்ஸ் மூவ்' 1992-இல் வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் கொலை செய்தவர்கள் ஆர்கன்சாவில் ஒரு சின்ன ஊரை நோக்கி ஓடும் கதை. விமர்சகர் ஜீன் சிஸ்கல் அந்த வருஷத்தின் முதல் படமாக அதைத்தான் சொன்னார். அந்தக் கொலைகாரர்களில் ஒருவனாக தார்ன்டன் நடித்தார். ஆனால் படத்தின் முக்கியமான வேஷம் அந்த ஊர் போலீஸ் அதிகாரி. அதில் நடித்தவர் பில் பாக்ஸ்டன். தானே எழுதிய கதையில் பெரிய வேஷத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

அடுத்து 'ஸ்லிங் பிளேட்', 1996. இதைப் பற்றித்தான் உன்னிடம் நிறையச் சொல்ல வேண்டும். 1980-களில் ஒரு டிவி படத்தில் சின்ன வேஷம் போட்டபோது, மேக்கப் வண்டியில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகத்தைக் கோணிப் பார்த்தார். தாடை முன்னே தள்ளி, கீழ் உதடு பிதுங்கி, தொண்டைக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல். படத்தின் நாயகன் கார்ல் அப்படித்தான் கிடைத்தான். அவனை முதலில் மேடையில் தனியாளாக நடித்துக் காட்டினார், 1994-இல் அது குறும்படம் ஆனது, அதற்குப் பிறகுதான் முழுப் படம். யாரோ கொடுத்த சின்ன வேஷத்தில் நடிக்கப் போன இடத்தில் பிறந்த ஆளை இத்தனை வருஷம் விடாமல் கூடவே வைத்திருந்தார், பார்.

படத்தின் தொடக்கத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மனநல மருத்துவமனை. கார்ல் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். இன்னொரு நோயாளி ஒரு நாற்காலியைத் தரையில் கிறீச்சென்று இழுத்துக்கொண்டே வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்து பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். கார்ல் வாயே திறப்பதில்லை. எழுதியது, இயக்கியது, நடித்தது எல்லாம் தார்ன்டன். அப்படியிருந்தும் முதல் பேச்சு அவருடையது இல்லை! அதற்குப் பிறகுதான், விளக்கொளி மங்கிய அறையில், பேட்டி எடுக்க வந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம் அவன் தன் கதையைச் சொல்கிறான். குரல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. முதலில் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததால்தான் அந்தப் பேச்சு நெஞ்சைப் பிடிக்கிறது. வசனம் எப்போது வேண்டாம் என்று எழுதுகிறவனுக்குத் தெரியும் தம்பி. அது தெரிந்தவன் நடித்தால் வேறு மாதிரி இருக்கும்.

மற்றவர்களுக்கும் அப்படித்தான் எழுதினார். சிரிப்புத் தொடர்களில் பேர் வாங்கிய ஜான் ரிட்டருக்கு அடக்கமான, வலி நிறைந்த ஒரு வேஷம். பாடகர் ட்வைட் யோகத்துக்குக் குடித்துவிட்டு வீட்டை நரகமாக்கும் முரடன் வேஷம். இரண்டு பேருமே அசத்தியிருக்கிறார்கள்.

1997 ஆஸ்கரில் சிறந்த நடிகருக்கான பட்டியலிலும் தார்ன்டன் பெயர் இருந்தது. ஆனால் கிடைத்தது திரைக்கதைக்கான விருது.

அதற்குப் பிறகு நல்ல வேஷங்கள் வரிசையாக வந்தன, 'எ சிம்பிள் பிளான்', 'மான்ஸ்டர்ஸ் பால்' என்று. எப்பர்சனோடு சேர்ந்து எழுதிய 'தி கிஃப்ட்' படத்தின் நாயகியோ குறி சொல்லும் ஒரு தாய். தன் அம்மாவை மனதில் வைத்து எழுதினாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. 2024-இல் வந்த 'லேண்ட்மேன்' தொடரில் இந்த வயதிலும் அவர்தான் நாயகன். அதை எழுதும் டெய்லர் ஷெரிடனும் உன்னைப் போல டிவியில் துண்டு வேஷம் போட்டுக்கொண்டிருந்தவர்தான். நாற்பதை ஒட்டிய வயதில் எழுதத் தொடங்கினார்.

ஆடிஷனுக்குப் போவதை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. தார்ன்டனும் நிறுத்தவில்லை, எழுதிக்கொண்டே டிவி தொடர்களில் நடித்தார். உன் மேன்ஷன் வாட்ச்மேன் ராத்திரி கேட்டைப் பூட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவர் பேராகச் சொல்லிப் பார்ப்பார் என்று அன்றைக்குப் பேசிக் காட்டினாயே, அப்பா ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த மனுஷன் பேசுவதை நாலு பக்கம் எழுது. எதிரே நிற்பவனுக்கும் ஏதாவது பேச்சு கொடு. எழுத்துப் பிழை பார்க்காதே, ஃபோனில் படம் பிடித்து அனுப்பு, நான் படித்துக்கொள்கிறேன்.

பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கூரியரில் போட்டிருக்கிறேன். வந்ததும் சொல்லு.

அன்புடன்,
அம்மா