பெரியவர்களுக்கும் வேத வகுப்பு வேண்டும்

கனம் ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியார் கல்வி நிலையங்கள் வகுப்பு வைக்கக் கூடாது, அந்த நேரத்தில் பிள்ளைகள் அறநெறிப் பாடசாலைக்கும் ஞாயிறு பாடசாலைக்கும் போகவேண்டும் என்று வாசகர்கள் உங்கள் பத்திரிகையில் எழுதிவருகிறார்கள். எனக்கும் அதே கருத்துத்தான். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சிறிய லுத்தரன் சபையில் நெடுங்காலமாக ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வருகிறேன். ஆனால் வருகிற கடிதங்கள் எல்லாம் பிள்ளைகளோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகிற தாய் தகப்பன்மாருக்கு வேத பாடம் இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது. அதைப்பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

எங்கள் சபைகளில் பதின்மூன்று, பதினான்கு வயதில் திடப்படுத்தல் வகுப்பு நடக்கும். பத்துக் கற்பனைகள் (பத்துக் கட்டளைகள்), விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து என்று எங்கள் சபை மரபைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லுத்தர் கேள்வி பதிலாக எழுதிய சிறிய ஞானோபதேசத்தை முழுவதுமாகப் படித்த பிறகே பிள்ளை முதன்முறையாகத் திருவிருந்துக்கு வரும். யுத்தத்தின் கடைசி வருடங்களான 2008, 2009இல் அந்த வயதில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். கிளிநொச்சியை விட்டு, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓடி, பிறகு செட்டிகுளத்து முகாம்களில் கம்பிக்குள் இருந்தவர்கள் அவர்கள். பள்ளிக்கூடமே ஒழுங்காகக் கிடைக்காதவர்களுக்கு ஞானோபதேசம் எங்கே கிடைத்திருக்கும்? மீளக்குடியேறி வந்தபோது வீடு இல்லை, கிணறு இல்லை. அவர்கள் உழைக்கப் போனார்கள், கல்யாணம் கட்டினார்கள். இன்று அவர்களுக்கு முப்பது வயதாகிறது. அவர்களுடைய பிள்ளைகள்தான் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், "போதகரிட்டக் கேள்" என்று சொல்லிவிடுகிறார்கள். தமக்குத் தெரியாது என்று சபையில் வாய்திறந்து சொல்ல அவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது. அது அவர்களுடைய குற்றமே அல்ல. ஆனால் விடுபட்ட அந்த வகுப்பை அவர்களுக்கு நடத்திக் கொடுக்கவேண்டிய பொறுப்பு சபைக்கு உண்டு.

ஞானோபதேசம் எழுதப்பட்டதே பெரியவர்களையும் நினைத்துத்தான். 1528இல் லுத்தர் ஜெர்மனியின் சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் போய்ப் பார்த்தார். கர்த்தருடைய ஜெபத்தைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத சனங்களையும், சொல்லிக்கொடுக்கத் தெரியாத போதகர்களையும் கண்டு மனம் நொந்து, அடுத்த வருடம் அந்தச் சிறு நூலை எழுதினார். வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு இதை எளிய முறையில் இப்படிக் கற்பிக்கவேண்டும் என்று அதன் பகுதிகளுக்குத் தலைப்பிட்டார். வன்னியில் எத்தனை வீடுகளுக்குத் தலைவர் ஒரு பெண் என்பதை நான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புருஷனைப் பறிகொடுத்தவர்களும், யுத்த முடிவில் இராணுவத்திடம் கையளித்த மகனை இன்றுவரை தேடுகிறவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். லுத்தர் எழுதிய அந்தத் தலைப்பு இங்கே அவர்களுக்குத்தான் பொருந்துகிறது. ஆகவே முதலில் கூப்பிடவேண்டியது அவர்களை. கேட்டுக்கொண்டிருப்பதற்கு மட்டுமல்ல, படித்துத் தேறி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கும் அவர்கள் வரவேண்டும்.

வளர்ந்தவர்கள் வகுப்பில் இருந்தால் பாடமே வேறு மாதிரிப் போகும். கர்த்தருடைய ஜெபத்தில் வரும் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற விண்ணப்பத்தைப் பிள்ளைகளோடு பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆகாரம் என்பதற்குள் லுத்தர் எதையெல்லாம் அடக்குகிறார் என்று பாருங்கள். சாப்பாடு, உடுப்பு, செருப்பு, வீடு, வயல், ஆடுமாடு, காசு, நல்ல அரசாங்கம், நல்ல மழை வெயில், சமாதானம், சுகம், நம்பத்தக்க அயலவர். இவற்றில் ஒவ்வொன்றையும் இழந்து பார்த்த சனங்கள் நாங்கள். காணி இன்னும் விடுபடாத ஒருவரும், மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் இருட்டில் திரும்பி வருகிற தாயும், இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி விதைத்தவரும் ஒன்றாக இருந்து இதைப் பேசத் தொடங்கினால் ஒரு பின்னேரம் போதாது. களவு செய்யாதே என்று எங்கள் ஞானோபதேசத்தில் வரும் ஏழாம் கற்பனையும் அப்படித்தான். களவு என்பதற்குள் சந்தையில் நடக்கிற ஏமாற்றையும் லுத்தர் சேர்த்துப் பேசுகிறார். அயலவனுடைய சொத்தும் பிழைப்பும் பெருக உதவி செய் என்றும் சொல்கிறார். நுண்கடன் கட்ட முடியாமல் நகையை அடகு வைத்த பெண்ணுக்கும், நெல் நிறுக்கிற தராசைப் பார்த்துப் பயப்படுகிற கமக்காரனுக்கும் இந்தக் கற்பனையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

இதைவிடப் பெரிய தேவை ஒன்று உண்டு. "உங்கள் பாவத்தால்தான் இந்த அழிவு வந்தது", "விசுவாசம் குறைந்தபடியால்தான் நோய் மாறவில்லை" என்று சொல்லுகிறவர்கள் எங்கள் ஊர்களுக்குள் வந்துபோகிறார்கள். பிள்ளையை ஷெல்லுக்குப் பறிகொடுத்த ஒரு தாயின் காதில் அந்த வார்த்தை விழும்போது அவளுக்குத் துணையாக ஒரு வேத வசனமாவது தெரிந்திருக்க வேண்டும். லூக்கா 13ஆம் அதிகாரத்தில், சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப்பேர் எருசலேமில் இருந்த மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார். 88ஆம் சங்கீதம் அழுகையோடு தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. அப்படிப்பட்ட அழுகையும் வேதத்துக்குள் இருக்கிறது என்று தெரியாமல், தங்கள் துக்கத்தைக் கோயிலுக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறவர்கள் பலர். 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் உட்கார்ந்த தாய்மாரின் கேள்வியும் "எதுவரைக்கும்?" என்று சங்கீதக்காரன் கேட்கிற கேள்விதானே. தேவனைச் சிலுவையிலும் பாடுகளிலுமே கண்டுகொள்ள வேண்டும் என்று 1518இலேயே சொன்ன ஒருவரின் பெயரில் நடக்கிற சபை, இதைப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

பிரசங்கம் போதாதா என்று கேட்கிறார்கள். பிரசங்கம் வேண்டும்தான். ஆனால் பிரசங்கத்தின் நடுவில் யாரும் கை உயர்த்திக் கேள்வி கேட்பதில்லை. வயதுபோன பிறகு படிப்பு எதற்கு என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். தான் வேதபண்டிதனும் பிரசங்கியுமாக இருந்தும் தினமும் காலையில் ஞானோபதேசத்தைச் சொல்லிப் படிக்கிறேன், அதற்கு நான் பிள்ளையாகவும் மாணவனாகவுமே இருக்கவேண்டும் என்று பெரிய ஞானோபதேசத்தின் முன்னுரையில் லுத்தர் எழுதியிருக்கிறார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்குவும் சின்னப் பிள்ளைகளோடு மணலில் இருந்துதான் தமிழ் எழுத்துப் பழகினார்.

நடத்துகிற முறையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பல இடங்களில் வகுப்பு தொடங்கி ஒரு மாதத்தில் நின்றுபோகிறது. பின்னேர வகுப்பு இங்கே சரிவராது. காட்டோரக் கிராமங்களில் பொழுதுபட்டால் யானைப் பயம், பெண்கள் தனியே திரும்ப முடியாது. ஞாயிறு ஆராதனை முடிந்து தேத்தண்ணீர் கொடுத்தவுடனே, பிள்ளைகள் ஞாயிறு பாடசாலையில் இருக்கிற அதே நேரத்தில் வைத்தால் தாய்மார் நிம்மதியாக இருந்து கேட்பார்கள். காலபோக விதைப்பிலும் அறுவடையிலும் விட்டுவிட்டு மறுபடி தொடங்கலாம். தவக்காலத்தில் வாரம் ஒரு நாள் கூட்டலாம். யாரையும் எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது. இடம்பெயர்ந்ததால் படிப்பு இடையில் நின்றுபோனவர்கள் அந்த ஒரு பயத்திலேயே அடுத்த வாரம் வரமாட்டார்கள். நடத்துகிறவரே உரத்து வாசிக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களில், தோட்டத்துக் கோயிலில் ஞானோபதேசம் மனப்பாடமாகப் படித்த ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு முன்னே இருத்துங்கள். போதகர் மூன்று நான்கு சபைகளுக்கு ஓடித்திரிகிறவர். அவர் வராத வாரமும் வகுப்பு நடக்கவேண்டுமானால் சபையாரில் இரண்டுபேரையாவது பழக்கியெடுக்க வேண்டும்.

இது லுத்தரன் சபைக்கு மட்டுமான காரியம் என்று நான் நினைக்கவில்லை. மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபை, கத்தோலிக்க மக்களும் இதே சாலைகளில்தான் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய ஊர்களில் பெரியவர்களுக்கு எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று உங்கள் வாசகர்கள் எழுதினால் எங்களுக்கும் உதவும். ஞாயிறு வகுப்புகள் பற்றி இனிமேல் நீங்கள் ஆசிரியர் தலையங்கம் எழுதினால், அந்தத் தாய் தகப்பன்மாரையும் சேர்த்து எழுதுமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருவர்,
கிளிநொச்சி.