லாக் போட்டுவிட்ட கைகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இளம் ஓட்டிகளுக்கான ஹெல்மெட் சரிபார்ப்பும் வண்டிப் பயிற்சியும் நல்லபடியாக நடந்து முடிந்தன. மைக் பிடித்துப் பேசியவர்களைவிட, ஓரமாக உட்கார்ந்து ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்த்தவர்களும் டயருக்குக் காற்று பார்த்தவர்களும்தான் அதை நடத்திக் கொடுத்தீர்கள். பொத்தாம்பொதுவாக ‘அனைவருக்கும் நன்றி’ என்று முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. யார் என்ன செய்துகொடுத்தீர்கள் என்று விவரமாகவே எழுதுகிறோம். வர முடியாமல் போனவர்களுக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி, இஞ்ச் டேப்போடு வந்த தையல்காரர்களுக்கு. ஹெல்மெட்டுக்கு அளவெடுக்கத் தையல்காரர் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். டேப்பைச் சாயாமல் பிடிக்கத் தெரிந்த கைதான் இதற்கு வேண்டும். புருவத்துக்கு மேல் சுமார் 2.5 செ.மீ., காதுகளுக்குச் சற்று மேல், பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடம், இந்த மூன்றையும் தொட்டுக்கொண்டு டேப் சுற்றி வர வேண்டும். பின்பக்கம் ஒரு விரல் இறங்கினாலும் அளவு மாறிவிடும். நீங்கள் ஒவ்வொரு தலையையும் மூன்று முறை அளந்து, வந்ததில் பெரிய எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தீர்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் லார்ஜாக இருக்கும் என்பதால், கடையில் ‘மீடியம் குடுங்க’ என்று கேட்காமல் ‘என் தலை 57’ என்று கேட்கச் சொன்னீர்கள். உச்சியில் கொண்டை போட்டிருந்த பிள்ளைகளிடம் முடியைப் பிடரிக்குக் கீழே தாழக் கட்டச் சொன்னதும் நீங்கள்தான். கொண்டைமேல் உட்கார்ந்த ஹெல்மெட் நெற்றியை விட்டு மேலேறிக்கொள்ளும்.

அளவு எண் கிடைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. தலை உருண்டையா நீளமா என்பதை டேப் சொல்லாது. போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதற்காகவே ஹெல்மெட் கடைக்காரர்கள் நான்கைந்து அளவுகளில் பெட்டிகளைப் பிரித்து வைத்தீர்கள். வியாபாரம் பேசாமல் பொறுமையாகப் போட்டுக் காட்டியதற்குத் தனி நன்றி. பதினைந்து நிமிடம் போட்டிருந்து கழற்றினால், நெற்றியில் காசு அளவுக்கு ஒரு சிவந்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த ஹெல்மெட்டின் வடிவம் அந்தத் தலைக்கு ஒத்துவரவில்லை. ஒரு அளவு பெரிதாக வாங்கி அதைச் சமாளிக்கப் பார்க்கக் கூடாது, வேறு மாடலைத்தான் பார்க்க வேண்டும். கன்னம் மட்டும் இறுகினால் கவலை இல்லை. புது ஹெல்மெட் கன்னத்தைப் பிடித்துத்தான் இருக்கும். பேசும்போது கன்னத்தின் உட்சதை பல்லில் லேசாகப் பட்டால் சரியான பிடி. சில மாதங்களில் அந்தப் பஞ்சு அமுங்கி இடம் விடும். இளவட்டங்கள் செய்கிற தவறு இங்கேதான்: கடையிலேயே சுகமாக இருப்பதை வாங்குகிறார்கள். அது நாளைக்குத் தலையில் ஆடும்.

இனி வார் பார்த்த குழுவுக்கு வருகிறோம். உண்மையில் இந்த மடலே உங்களுக்காகத்தான். ஹெல்மெட் தலையில் இருந்தால் போதாது, விழும்போதும் தலையோடு இருக்க வேண்டும். அதைச் செய்வது தாடைக்குக் கீழே போகும் அந்த ஒரு விரல் அகல வார்தான். வாசலில் நின்று, வந்த ஒவ்வொருவரின் லாக்கையும் விரல் விட்டுப் பார்த்தீர்கள். என்னென்ன தவறுகள் கண்ணில் பட்டன என்று நீங்கள் எழுதி வைத்ததை அப்படியே தருகிறோம்.

இரட்டை வளைய லாக் இருக்கும் ஹெல்மெட்டில், வாரின் நுனியை இரண்டு வளையங்களுக்குள்ளும் சேர்த்து நுழைத்து, மடக்கி, பிறகு இரண்டு வளையங்களுக்கும் நடுவே திரும்ப விட்டு இழுக்க வேண்டும். அப்போதுதான் வளையம் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கி வாரைக் கவ்விக்கொள்ளும். பலர் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு, நுனியில் இருக்கும் பட்டனை ‘டப்’ என்று அமுக்கிவிடுகிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் லாக் போட்ட மாதிரியே இருக்கும். அந்தப் பட்டன், மிஞ்சிய நுனி காற்றில் படபடக்காமல் இருப்பதற்கு. பாரம் தாங்குவதற்கு அல்ல. இரண்டு விரல் பிடித்து இழுத்தாலே விட்டுவிடும் என்பதைச் செய்தே காட்டினீர்கள்.

பல் பல்லாக ஏறும் லாக்கில் தவறு வேறு மாதிரி. ஒரு பல் மட்டும் மாட்டியதும் ‘கிளிக்’ சத்தம் கேட்டுவிடுகிறது, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பல்லில் மண் அடைந்தாலோ முனை மழுங்கினாலோ, மாட்டிய பிறகும் வழுக்கும். ‘கிளிக்’ வகை பக்கிளில் வாரின் நீளத்தை வாங்கிய அன்று ஒருமுறை வைத்ததோடு சரி; அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே போவதை யாரும் கவனிப்பதில்லை. எந்த லாக்காக இருந்தாலும் சோதனை ஒன்றுதான். தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. கொட்டாவி விடுவதுபோல வாயைப் பெரிதாகத் திறந்தால், ஹெல்மெட் கீழே இழுபட்டு உச்சந்தலையை அழுத்துவது தெரிய வேண்டும். கடைசியாக, தலையைக் குனியச் சொல்லி, ஹெல்மெட்டின் பின் விளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாகத் தள்ள வேண்டும். முகத்துக்கு முன்னால் உருண்டு வந்துவிட்டால், வார் இறுகியிருந்தும் பயன் இல்லை, அளவு பெரிது.

இரண்டு ஹெல்மெட்டுகளைப் பாதியாக அறுத்துக் கொடுத்த பட்டறைக்காரர்களுக்கு நன்றி. ஒன்று தரமுத்திரை உள்ளது, இன்னொன்று பார்வைக்கு மட்டும் ஹெல்மெட். மேலே ஓடு இரண்டிலும் பளபளவென்றுதான் இருந்தது. அறுத்த முகத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. முதலாவதில் ஓட்டுக்கு அடியில் தடிமனாக, அடர்த்தியான தெர்மாகோல்; அதற்கும் உள்ளே துணி சுற்றிய பஞ்சு. இரண்டாவதில் தெர்மாகோலே இல்லை, ஓட்டுக்கு அடுத்து நேராக ஸ்பாஞ்ச். வாங்கும்போது அறுத்துப் பார்க்க முடியாது. உள் துணியை ஒரு ஓரத்தில் விலக்கிப் பார்க்கலாமே. விரல் நகத்துக்கு லேசாக இடம் கொடுக்கும் கெட்டித் தெர்மாகோல் தட்டுப்பட வேண்டும்.

இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டிய இயற்பியல் ஆசிரியர்களை மறக்க முடியாது. 1.5 மீட்டர் உயரத்தில் இருந்து விழும் தலை தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 20 கி.மீ. வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இதே கணக்குத்தான். தெர்மாகோல் 20 மி.மீ. நசுங்கி அந்த வேகத்தை நிறுத்தினால், மண்டை தாங்க வேண்டியது சராசரியாகப் புவியீர்ப்பைப்போல 75 மடங்கு. 2 மி.மீ. தூரத்திலேயே நின்றுவிட்டால் 750 மடங்கு. 1.5 மீட்டரை நசுங்கும் தூரத்தால் வகுத்தால் போதும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடும் கணக்கு. ஸ்பாஞ்ச் ஏன் உதவாது என்பதும் இதிலேயே விளங்கிவிடும்: அது தொட்டதுமே முழுசாக அமுங்கி, மிச்சத்தை ஓட்டிடமும் மண்டையிடமும் விட்டுவிடுகிறது. நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழாது. அதனால்தான் ஒருமுறை தலையோடு அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், அத்தோடு வேலை முடிந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து இரவுப் பணி முடித்த கையோடு வந்த மருத்துவர்களே, செவிலியர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று பேர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் 1935-இல் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து தலைக்காயத்தால் இறந்ததையும், அப்போது அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ் 1941-இல் ஹெல்மெட்டின் பயனைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியதையும் சொல்லி ஆரம்பித்தீர்கள். ஹெல்மெட் போட்ட மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு இறப்பு அபாயம் சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது என்ற காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வையும் எடுத்துச் சொன்னீர்கள். மீதி அபாயத்துக்கு என்ன செய்வது என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, ‘அதற்குத்தான் பிரேக்கும் கண்ணும்’ என்று நீங்கள் சொன்ன பதில் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

ஆனால் நீங்கள் தரையில் பாய் விரித்துச் செய்து காட்டியதுதான் அதிகம் நிலைத்தது. கீழே விழுந்து கிடப்பவரிடம் போனதும் முதலில் ஹெல்மெட்டைப் பிடுங்கக் கூடாது. நினைவோடு, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், முன்கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு, தலையை இருபக்கமும் பிடித்து அசையாமல் வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கலாம். மூச்சு இல்லை, அல்லது வாந்தி அடைக்கிறது என்றால் கழற்றியே ஆக வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு ஹெல்மெட்டை இருபுறமும் பிடித்துக்கொள்ள, மற்றவர் வாரை அவிழ்க்கிறார், வராவிட்டால் வெட்டுகிறார். பிறகு ஒரு கையால் தாடையையும் இன்னொரு கையால் பிடரியையும் தாங்கிக்கொள்கிறார். இதற்குப் பிறகுதான் முதலாமவர் ஹெல்மெட்டின் பக்கங்களை வெளிப்புறமாக விரித்து, மூக்கில் இடிக்காதபடி மெல்லச் சாய்த்து உருவ வேண்டும். கழற்றி முடிந்த நொடியில் பின்மண்டை பொத்தென்று தரையில் விழுவதுதான் வழக்கமான தவறு. அந்தக் கணத்தில் கீழே தாங்கியிருக்கும் கையை எடுக்கவே கூடாது. இரண்டு இரண்டு பேராக எல்லோரையும் செய்ய வைத்தீர்கள்.

மைதானத்தைக் கொடுத்தவர்களுக்கும், வெள்ளைக் கோடு போட்டவர்களுக்கும், பிரேக் பயிற்சி தந்தவர்களுக்கும் நன்றி. மணிக்கு 50 கி.மீ. என்பது நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே அந்த 14 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிடித்தாலும் இன்னொரு 14 மீட்டர் ஆகும். மொபைலை மூன்று நொடி குனிந்து பார்த்தால் 42 மீட்டர், கண்ணில்லாமல். முன் பிரேக்கைத் தொட்டாலே கவிழ்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் பலர். முதலில் லேசாக அமுக்கி, முன் ஃபோர்க் கீழே இறங்கியதும் மேலும் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் பழக்கியதும் அந்தப் பயம் போனது. வளைவிலும் மணல் கிடக்கும் இடத்திலும் மட்டும் அந்த அழுத்தம் கூடாது. டயர், செயின், கண்ணாடி, பின் விளக்கு பார்த்துக் கொடுத்த மெக்கானிக்குகளுக்கும் எங்கள் வணக்கம்.

ஒரே அளவில் மொத்தமாக ஹெல்மெட் வாங்கித் தருவதாகச் சொன்ன நல்ல உள்ளங்களிடம் ஒரு வார்த்தை. நாங்கள் மறுத்தது உங்களுக்கு வருத்தமாக இருந்திருக்கும், பொறுத்தருள வேண்டும். 54 செ.மீ. தலைக்கு 60 செ.மீ. ஹெல்மெட் கொடுத்தால், புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அளவுச் சீட்டைப் பார்த்துத் தனித்தனியாக வாங்க அதே பணத்தைத் தந்ததற்குக் கைகூப்புகிறோம்.

பெற்றோர்களே, ஓட்டுகிற பிள்ளைக்கு மட்டும் அல்லாமல் பின்னால் உட்காரும் தம்பி தங்கைக்கும் அளவெடுக்கக் கூட்டி வந்தீர்கள். கால் இரண்டும் ஃபுட்ரெஸ்ட்டில் எட்டாத பிள்ளையைப் பின்னால் ஏற்ற வேண்டாம் என்று சொன்னதைச் சங்கடப்படாமல் கேட்டுக்கொண்டீர்கள்.

கடைசியாக இளைஞர்களுக்கு. அண்ணன் போட்டது, மாமா கொடுத்தது என்று ஆசையாக வைத்திருந்த பழைய ஹெல்மெட்டுகளை விட்டுக்கொடுத்தீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் தயாரிப்பு மாதத்தை நீங்களே தேடிப் படித்து, ஐந்து ஆண்டு தாண்டியதை ஒதுக்கி வைத்தீர்கள். வண்டிக் கண்ணாடித் தண்டில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மாட்டினால் தெர்மாகோல் உள்ளே குழிந்துவிடும் என்பதையும், பெட்ரோலோ தின்னரோ தொட்டுத் துடைத்தால் ஓடு பலமிழக்கும், சோப்புத் தண்ணீர் போதும் என்பதையும் இனி நீங்கள்தான் மற்றவர்களுக்குச் சொல்லப் போகிறீர்கள்.

ஒதுக்கிய ஹெல்மெட்டுகளின் வார்களை எல்லாம் கத்தரித்துவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்பினோம், யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளாமல் இருக்க. அறுத்த இரண்டு ஹெல்மெட்டின் பாதிகள் மட்டும் எங்களிடம் இருக்கின்றன. பயிற்சி நடத்த விரும்புகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஓட்டின் பிசிறு கையைக் கிழிக்கும் என்பதால் விளிம்பில் டேப் ஒட்டியிருக்கிறது, பிரித்துவிட வேண்டாம்.

நன்றியுடன்,
பயிற்சிக் குழுவினர்