துண்டில் செய்த யானை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே மும்பை சயான் கோலிவாடாவில் நானும் அம்மாவும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள்.

அமெரிக்காவில் அக்கா குடும்பத்தோடு சொகுசுக் கப்பலில் போய்விட்டு, ஊருக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. "கப்பல் எப்படிப்பா இருந்தது?" என்று போனில் இரண்டு தடவை கேட்டாய். "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிப் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். உனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கும். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது தம்பி, வாயில் வரவில்லை. அதனால்தான் தாளை எடுத்து உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பையன் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பித் தருவான். நீ வேலை பார்க்கும் கப்பலில் நெட்டுக்குக் காசு ஆகும். சிட்னியில் கரைக்கு இறங்கும்போது நிதானமாகப் படி.

அக்காவும் மாப்பிள்ளையும் ஆர்லாண்டோவிலிருந்து காரிலேயே எங்களை மயாமிக்குக் கூட்டிப் போனார்கள். நாலு மணி நேரம். ஊர் நெருங்கும்போது ரோட்டோரம் ஐ-95 என்று நெடுஞ்சாலை நம்பர் போட்ட ஒரு பலகை வந்தது. நீ என்றைக்கோ சொன்னது சட்டென்று ஞாபகம் வந்தது. கப்பலின் அடித்தட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போகும் வேலையாட்கள் பாதைக்கு ஐ-95 என்று பேர் வைத்திருக்கிறீர்கள் என்று. அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்திருக்கிறது, பார்.

கரையில் நின்று அண்ணாந்து பார்த்தபோது அது கப்பல் என்றே தோன்றவில்லை. 361 மீட்டர் நீளம். நம் பதினைந்து பெட்டி லோக்கலைப் பக்கத்தில் நிறுத்தினால் அதையும் தாண்டிப் போகும். 18 அடுக்கு. பயணிகள் ஐயாயிரத்துக்கும் மேல், வேலை பார்ப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 36 வருஷம் குப்பை கொட்டியவனுக்குப் புத்தி நேராக இயந்திரத்துக்குத்தானே போகும்? சுக்கானே கிடையாதாம். பின்பக்கம் தண்ணீருக்குள் மூன்று பெரிய மோட்டார் கூடுகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் 20 மெகாவாட். நம் சரக்கு ரயில் இழுக்கும் டபிள்யூ.ஏ.ஜி.-9 என்ஜின் நாலைச் சேர்த்தாலும் ஒரு கூட்டுக்குக் கொஞ்சம் குறையும். அந்தக் கூடுகளே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிக் கப்பலைத் திருப்புகின்றன. முன்னால் பக்கவாட்டில் தள்ளுவதற்குத் தனியாக நாலு. சாயங்காலம் கயிற்றை அவிழ்த்ததும் அவ்வளவு பெரிய உடம்பு சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து கரையை விட்டது. கையில் இருந்த டீ தம்ளரில் ஒரு சலனம் இல்லை. நான் அந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீச்சல் குளம், ஐஸ் மேல் சறுக்கி ஆடுவது, ராத்திரி நாடகம் எல்லாவற்றையும் அக்கா மகள் பாப்பா உனக்கு வீடியோ அனுப்பியிருப்பாள். அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை.

எங்கள் அறை எட்டாவது அடுக்கு. அறையைப் பார்த்துக்கொண்டவர் பாலித் தீவுக்காரர். முதல் நாளே கதவைத் தட்டி வந்து, கையை நெஞ்சில் வைத்துத் தன் பெயரைச் சொன்னார். மறுநாள் காலையிலிருந்து அம்மாவை "மம்மா" என்றுதான் கூப்பிட்டார். அம்மா வெள்ளிக்கிழமை கறி மீன் தொட மாட்டாள் என்று சொன்னதை மனதில் வைத்திருந்து, சாப்பாட்டுக் கூடத்தில் நம் மும்பைப் பையன் ஒருவனிடம் சொல்லி வைத்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரி பருப்பும் சோறும் கீறிய பச்சை மிளகாயும் அம்மா கேட்காமலே வந்தது.

இரண்டாம் நாள் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தால், கட்டில் நடுவில் துண்டில் செய்த யானை உட்கார்ந்திருக்கிறது. தும்பிக்கை மேலே தூக்கி, இரண்டு காதும் விரித்து. அம்மா அதைத் தொடவே விடவில்லை. கட்டிலின் ஓரமாகவே படுத்துக்கொண்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

2022 லீவில் நீ வந்தபோது அக்காவும் பாப்பாவும் இங்கே இருந்தார்கள். குளித்துவிட்டு வந்த ஈரத் துண்டில் நீ பாப்பாவுக்கு ஒரு யானை செய்து காட்டினாய். அவள் கை கொட்டிச் சிரித்தாள். நான் அந்த வாசலில் நின்று, "இதுக்கா பீஸ் கட்டிப் படிக்க வெச்சேன்?" என்றேன். நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. யானையைப் பிரித்து, துண்டை உதறி, கொடியில் காயப் போட்டுவிட்டு வெளியே போனாய். அதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அந்த அறையில் யானையைப் பார்த்தபடி விடியும் வரை கிடந்தேன்.

மறுநாள் அந்தப் பாலிக்காரர் வேலை செய்யும்போது நான் வெளியே போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் சங்கடப்பட்டார், பிறகு பேச ஆரம்பித்தார். அவர் பொறுப்பில் 22 அறை. ஒரு அறைக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் பதினைந்து நிமிஷம்கூட இல்லை. மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருகும்போது முழங்கையால் ஒரு அழுத்து. மூலை கத்தியால் வெட்டிய மாதிரி நிற்கிறது. குளியலறைக் குழாயைத் துடைத்துவிட்டு, குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராக ஒரு பார்வை. கைவேலைக்காரன் எவனுக்கும் அந்தக் குனிவு தெரியும். ரயில் பெட்டியின் சக்கர அச்சைத் தடவிப் பார்த்துவிட்டு நாங்களும் அப்படித்தான் குனிவோம். கைவிரல் நுனியெல்லாம் அவருக்குத் தோல் உரிந்திருந்தது. மருந்துத் தண்ணீர் என்றார். உனக்கும் அப்படி இருக்கும். லீவில் வரும்போதெல்லாம் நீ சாப்பாட்டை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டதற்குக் காரணம் அதுதானா? வெளிநாட்டுப் பழக்கம் என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேனே.

ஏழு மாத காண்ட்ராக்ட், நடுவில் முழு நாள் லீவு ஒன்றுகூட இல்லை என்றார். மாப்பிள்ளை சட்டத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். 2006-ஆம் வருஷத்துக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். மீதி 91. அவ்வளவு நேரமும் வேலை வாங்கலாம் என்று ஒரு சட்டம் இடம் கொடுக்கிறதா? நான் 48 மணி நேர வாரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் நின்றாலும் ஓவர்டைம் கேட்டு யூனியன் கொடியைப் பிடித்தவன். என் மகன் இத்தனை வருஷமாக எத்தனை மணி நேரம் நிற்கிறான் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நீ வேலைக்குச் சேர ஏஜெண்ட் ஒருவர் வாங்கிய பணத்தையும் மாப்பிள்ளை பார்த்துச் சொன்னார். வேலை வாங்கித் தருவதற்காகக் கப்பல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதையே அதே உடன்படிக்கை தடுக்கிறதாம். அம்மாவின் வளையல் போனது அதற்குத்தான். இனி உன் கூட்டாளிகள் யாராவது சேரப் போனால் கட்டாயம் இதைச் சொல்.

நடைக்கூடத்தில் ஒரு கதவு உண்டு. பயணிகள் போகக் கூடாது. ஒரு நாள் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போது அது மெதுவாக மூடியது. அந்த நாலு விநாடியில் பார்த்துவிட்டேன். என் காலடியில் கம்பளம்; கதவுக்கு அந்தப் பக்கம் இரும்புத் தரை, மேலே வரிசையாகக் குழாய்கள், ட்யூப் லைட், துணி மூட்டை ஏற்றிய வண்டிகள், ஆட்கள் ஓட்டமும் நடையுமாக. நம் ஒர்க்‌ஷாப் மாதிரியே இருந்தது தம்பி. எனக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும் போல இருந்தது.

இரண்டு நாள் கடலுக்குப் பிறகு செயின்ட் மார்ட்டின். சின்னத் தீவுதான், அதில் ஒரு பக்கம் டச்சுக்காரர், ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரர். 1648-இல் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்டார்களாம். டச்சுப் பக்கம் பிலிப்ஸ்பர்க் கடைத்தெருவில் நகைக்கடை வாசலில் ஒருவர் அம்மாவின் புடவையைப் பார்த்து, "ஆயியே, பெஹன்ஜி" என்றார். சிந்திக்காரர், நம் மும்பை பக்கம் உல்லாஸ்நகரில் சொந்தங்கள் உண்டாம். அம்மா ஒன்றும் வாங்கவில்லை, அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தாள்.

பிறகு வேன் பிடித்து பிரெஞ்சுப் பக்கம் மாரிகோவுக்குப் போனோம். ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகையில் கோழி 'கொலம்போ' என்று எழுதியிருந்தது. தட்டு வந்ததும் அம்மா மோந்து பார்த்து, "இது மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம். நம்ம குழம்புல்ல?" என்றாள். அந்தப் பெயரே குழம்பிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டாம். கடைக்காரம்மாள் குவாதலூப் தீவிலிருந்து வந்தவள். தன் தாய் வழிக் குடும்பப் பெயர் 'சாமி' என்று முடியும் என்றாள். 1854-இலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து நம் ஜனங்களைக் கப்பல் ஏற்றிக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த ஒரு தீவுக்கு மட்டும் நாற்பதாயிரம் பேருக்கு மேல். ஐந்து வருஷ காண்ட்ராக்ட். மாரியம்மனை அவர்கள் இன்றைக்கும் மாலியெமேன் என்று கும்பிடுகிறார்கள். பாஷை போய்விட்டது, அம்மனும் குழம்பும் நிற்கின்றன. நானும் பதினெட்டு வயதில் அம்பாசமுத்திரத்திலிருந்து ரயில் ஏறி தாராவிக்கு வந்தவன்தான். பிழைக்கப் போனவன் வழி வந்தவர்கள் மேல் எனக்கு என்ன பெருமை குறைச்சல்? அப்படியிருந்தும் ஊர்க் கல்யாணத்தில் சித்தப்பா கேட்டபோது, நீ கப்பலில் ஆபீசர் என்று பொய் சொன்னேன். நீ பக்கத்தில்தான் நின்றாய்.

செயின்ட் தாமஸ் தீவில் மழை, அதிகம் பார்க்கவில்லை. அமெரிக்கா 1917-இல் அதையும் பக்கத்துத் தீவுகளையும் சேர்த்து டென்மார்க்கிடமிருந்து 2.5 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கியதாம். அமெரிக்க மண்ணாக இருந்தும் வண்டிகள் நம்மூர் மாதிரி இடது பக்கம் போகின்றன.

கடைசியாக நிறுத்தியது பஹாமாஸில், பெர்ரி தீவுகள் பக்கம். எல்லோரும் மணலுக்கு ஓடினார்கள். நான் தண்ணீரோரமாக உட்கார்ந்துவிட்டேன். 2020-இல் கொரோனா வந்து பயணிகளை இறக்கிவிட்ட பிறகு, உன் கப்பல் இந்தக் கடலில்தானே நங்கூரம் போட்டு நின்றது? மார்ச்சிலிருந்து ஜூன் வரை. "பஹாமாஸ் பக்கம் இருக்கோம், பயப்படாதீங்க" என்று நீ அனுப்பிய ஒரு வரியை வைத்துக்கொண்டு அம்மா தினமும் விளக்கேற்றினாள். நான் அட்லஸை விரித்து வைத்துப் பார்ப்பேன். அதில் வெறும் நீலம். இங்கே தண்ணீர் பச்சையாக, அடியில் கிடக்கிற மணல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. இவ்வளவு அழகான கடலை வெறித்துப் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் நீ அறைக்குள் அடைந்து கிடந்திருக்கிறாய். என் தோளில் கை வைத்து அக்கா, "என்னப்பா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மயாமியில் இறங்குகிற அன்று காலை எட்டு மணிக்கு நாங்கள் பெட்டியோடு வெளியே வந்தபோது, பாலிக்காரர் அடுத்த அறையின் விரிப்புகளை ஏற்கெனவே உருவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் அடுத்த ஐயாயிரம் பேர் ஏறிவிடுவார்கள். சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு நாளைக்கு 18 டாலர் சொச்சம் கணக்கில் பிடித்துவிடுகிறார்கள், இருந்தாலும் நான் கையில் தனியாகக் கொடுத்தேன். என் மகனும் இந்த வேலைதான் பார்க்கிறான் என்று சொன்னேன். வெளி மனிதர் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "எந்தக் கப்பல்?" என்று கேட்டார். பெயரைச் சொன்னதும், "நல்ல கப்பல்" என்றார்.

யானை செய்ய அவரிடம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன். பெரிய துண்டை இரண்டு பக்கமிருந்தும் சுருட்டி மடித்தால் கால், சின்னதில் தலை. நேற்று இரண்டு தடவை செய்து பார்த்தேன். கால் நிற்கிறது. தும்பிக்கையும் பரவாயில்லை. காது மட்டும் தொங்கிப் போகிறது. நீ வந்து காட்டு.

டிக்கெட் வந்ததும் தேதியும் பிளைட் நம்பரும் எழுது. போன தடவை நான் வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டேன். இந்த முறை ராத்திரி எத்தனை மணியானாலும் ஏர்போர்ட் வாசலில் நிற்பேன். அம்மா நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்திருக்கிறாள். கைக்குத் தடவத் தேங்காய் எண்ணெய் ஊரிலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா