டப்பா விற்கும் ஜிம் மாஸ்டர்களுக்கு

அன்புள்ள மாஸ்டர்களுக்கு,

வணக்கம். நான் ஜிம் வாசல் மிதித்தவன் இல்லை. முப்பத்தோரு வருடம் கூட்டுறவுப் பால் பண்ணை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் தொழிலில் இவனுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். நீங்கள் அலமாரியில் அடுக்கி விற்கிற வே புரோட்டீன் பாலிலிருந்து வருகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பாலைத் திரித்து சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் தெளிந்த தண்ணீர்தான் வே. பத்து லிட்டர் பாலில் ஒரு கிலோ சீஸ் கிடைத்தால் ஒன்பது லிட்டர் தண்ணீர் நிற்கும். மேல்நாடுகளில் ஒரு காலத்தில் அதைப் பன்றிகளுக்கு ஊற்றினார்கள், மிச்சத்தை ஆற்றில் விட்டு ஆற்றைக் கெடுத்தார்கள். பிறகுதான் நுண்ணிய சவ்வில் வடிகட்டித் தூளாக்கும் வித்தை வந்தது. நூறு லிட்டர் வே தண்ணீரில் முக்கால் கிலோ புரதம் கிடைத்தால் அதிகம். நம் ஊரில் சீஸ் குறைவு, பன்னீர்தான் அதிகம். பன்னீருக்குப் பாலை நன்றாகச் சூடாக்கித் திரிப்பதால் இந்தப் புரதத்தில் பெரும்பங்கு பன்னீரிலேயே தங்கிவிடும். அதனால்தான் வேயைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருக்கிறது.

பொருள் நல்ல பொருள்தான். சீக்கிரம் செரிக்கும், தசையைக் கட்டத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் இதில் நிறைய. என் மனைவிக்கு இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து சாப்பாடு இறங்காமல் கிடந்த நாட்களில் டாக்டரே எழுதிக்கொடுத்தார், இரண்டு மாதம் நானே கலக்கிக் கொடுத்தேன். தசை வற்றிப்போகிற வயதானவர்களுக்கும், முட்டைகூடத் தொடாத சைவக்காரர்களுக்கும் இது உதவும். ஆகவே நான் டப்பாவுக்கு எதிரி இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் எழுதிக்கொடுத்தவர் வேறு, விற்றவர் வேறு. உங்களிடம் இரண்டும் ஒரே ஆள். என் வருத்தமே அதுதான்.

கணக்குக்கு வருகிறேன். சாதாரணமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2020 பரிந்துரை. எடை தூக்குகிறவர்களுக்குக் கூடுதலாக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியான அலசலில், கிலோவுக்கு 1.6 கிராம் வாக்கில் கூடுதல் பலன் நின்றுவிடுகிறது. அறுபது கிலோ பையனுக்கு அது 96 கிராம். மூன்று வேளைச் சோறு, பருப்பு, பாலிலேயே பாதிக்கு மேல் வந்துவிடும். மிச்சத்துக்குத்தான் டப்பா. கிலோ மூவாயிரம் ரூபாய் என்றால் ஒரு ஸ்கூப், அதாவது முப்பது கிராம் கரண்டி, தொண்ணூறு ரூபாய், அதில் புரதம் 24 கிராம். அதே 24 கிராம் நான்கு முட்டையில் இருக்கிறது. முட்டை ஏழு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் இருபத்தெட்டு ரூபாய். நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. கொண்டைக்கடலை, சோயா உருண்டைக்கெல்லாம் நான் போகவே இல்லை.

அப்புறம், லேபிளில் 24 கிராம் என்று போட்டிருந்தால் உள்ளே 24 கிராம் இருக்கிறதா? இது என் பழைய வேலை என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். புரதத்தை நேரடியாக எடை போட முடியாது. கந்தக அமிலத்தில் போட்டுக் காய்ச்சி, அதிலிருக்கும் நைட்ரஜனை அளந்து, பால் பொருளாக இருந்தால் 6.38ஆல் பெருக்குவோம். கெல்டால் முறை என்று பெயர். இந்தச் சோதனை நைட்ரஜனை எண்ணுமே தவிர, அது எங்கிருந்து வந்தது என்று கேட்காது. கிளைசின் என்ற விலை மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தாலும் புரதம் என்றே காட்டும். ஜிம்களில் விற்கும் இன்னொரு தூளான கிரியேட்டினை ஒரு கிராம் கலந்தால் இரண்டு கிராம் புரதமாகத் தெரியும். சீனாவில் பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்ததும் இதே ஓட்டை வழியாகத்தான். 2008இல் ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் நோயில் விழுந்தன.

நம் நாட்டுக் கதைக்கு வந்தால், இங்கே விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைக் கேரள மருத்துவர்கள் முன்னின்று சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். 25 டப்பாக்களில் லேபிளும் சரக்கும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிகூட இல்லை. ஐந்தில் பூஞ்சை நஞ்சான அஃப்லாடாக்சின், மூன்றில் பூச்சிமருந்து எச்சம். பெரிய பெயருள்ள கம்பெனிகளின் சரக்கிலேயே இப்படி என்றால், டப்பாவைப் பிரித்து பிளாஸ்டிக் கவரில் கால் கிலோவாகக் கட்டிக் கொடுக்கிறீர்களே, அதை யார் சோதிப்பது?

என் அக்கா மகன் அப்படி ஒரு கவரைத்தான் வாங்கி வந்தான். ரசீது கிடையாது. அரை லிட்டர் பாலில் இரண்டு ஸ்கூப் அடித்துக் குடிக்கச் சொன்னாராம் மாஸ்டர். மூன்றாம் நாளே வயிறு ஊதிப்போய் கழிச்சல். கேட்டதற்கு, "போகப் போக உடம்பு பழகிடும் தம்பி" என்று பதில். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பால் ஒத்துக்கொள்ளாது. நல்ல வே தூளில் ஒரு ஸ்கூப்புக்கு இரண்டு கிராம் அளவுக்குத்தான் வயிற்றைக் கெடுக்கிற பால் சர்க்கரையான லாக்டோஸ் இருக்கும். அரை லிட்டர் பாலிலோ இருபது கிராமுக்கு மேல். தண்ணீரில் கலக்கச் சொல்லியிருந்தாலே பாதித் தொல்லை போயிருக்கும். லாக்டோஸ் இன்னும் குறைந்த ஐசோலேட் என்று ஒரு வகை இருப்பதும் மாஸ்டருக்குத் தெரிந்திருக்கும். பையனிடம் ஒரு கேள்விகூடக் கேட்காததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கிட்னி போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்களோடு நான் சேரமாட்டேன். நல்ல கிட்னிக்கு அளவான புரதம் கெடுதல் செய்ததாக உறுதியான சான்று இல்லை. ஏற்கனவே கிட்னி பழுதானவருக்குத்தான் ஆபத்து, அது பல வருடம் அவருக்கே தெரியாமல் இருக்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள நாற்பது வயதுக்காரர்கள் இப்போது உங்களிடம் நிறைய வருகிறார்கள். அவர்களைக் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனை ஒன்று, சிறுநீர்ச் சோதனை ஒன்று பார்த்துவிட்டு வரச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகுமா? சிலருக்கு முகப்பருவும் கூடும். அது சின்ன விஷயம், நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உடம்பை ஏற்ற இந்தப் பவுடர்களே வேண்டாம் என்று ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொல்லிவிட்டது. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிகிறது. நீங்கள் விற்காதீர்கள் என்று நான் கேட்க மாட்டேன், ஜிம் வாடகையும் கரண்ட் பில்லும் எனக்குத் தெரியாதது இல்லை. விற்றால் சீல் உடைக்காமல் விற்பனை செய்யுங்கள், ரசீது கொடுங்கள், டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதினான்கு இலக்க உரிம எண் இருக்கிறதா என்று நீங்களே முதலில் பாருங்கள். சேர்ந்த முதல் மாதம் யாருக்கும் டப்பாவைக் காட்டாதீர்கள். வீட்டில் என்ன சாப்பிடுகிறான் என்று ஒரு வாரம் எழுதி வரச் சொல்லுங்கள். புரதம் குறைந்தால் முட்டை, அதற்கும் வழியில்லை என்றால் பவுடர்.

அக்கா மகன் வேறொரு ஜிம்மில் சேரப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். உங்களில் யாரிடம் வருவான் என்று தெரியாது. பால் ஒத்துக்காது என்பதை அவனாகச் சொல்ல மாட்டான், கூச்சப்படுவான். தயவுசெய்து நீங்கள் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால் பண்ணை ஆய்வக ஊழியர்,
நாமக்கல்