படகு இழுப்பதற்கும் உரிமம் உண்டு

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் சொந்தப் படகை டிரெய்லரில் ஏற்றிச் செல்வது பற்றிய தங்கள் கட்டுரையில், ‘வணிகத்துக்கு அல்ல என்பதால் சாதாரண ஓட்டுநர் உரிமமே போதும்’ என்று எழுதியிருந்தது. இது பாதி உண்மைதான். சொந்த உபயோகத்துக்கு வணிக ஓட்டுநர் உரிமம் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் மாநிலச் சட்டம் தனி. கலிபோர்னியாவில் படகு டிரெய்லரின் எடைத் தகுதி (சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட உச்ச எடை) 10,000 பவுண்டைத் தாண்டினால், வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம், அதாவது கனமான டிரெய்லரைச் சொந்த உபயோகத்துக்கு இழுப்பதற்கான உரிமம் வேண்டும். டெக்சாஸில் அதோடு வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த எடைத் தகுதி 26,000 பவுண்டையும் தாண்டினால்தான் அந்த உரிமம். கணக்கில் வருவது தயாரிப்பாளர் தகட்டில் பொறித்திருக்கும் உச்ச எடை. டிரெய்லர் காலியாகப் போனாலும் அதேதான். படகு விற்பவர்கள் இதைத் தாங்களாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள்.

அகலம் வேறு விவகாரம். தேசிய நெடுஞ்சாலைகளில் பொதுவான உச்ச வரம்பு 102 அங்குலம், அதாவது எட்டரை அடி. பத்தடி அகலப் படகென்றால், பொதுவாகக் கடக்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியே மிகை அளவு அனுமதி பெற வேண்டும். இரவிலும் விடுமுறை நாட்களிலும் ஓட்டக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் அந்த அனுமதிச் சீட்டிலேயே இருக்கும். உரிமம் கையில் இருப்பதால் இந்த அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்